நான் மைக் பிடித்தால் ஊர் ஓடும்

எங்கள் குப்பத்தில் போன ஐப்பசிவரை என் குரலைக் கேட்டால் ஜனங்கள் எழுந்து ஓடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. அம்மன் கோயில் கூரைமேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள அறையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. காற்று திரும்பினாலோ, கடல் சீறப்போகிறது என்று போனில் செய்தி வந்தாலோ நான் போய் மைக்கை மூன்று முறை தட்டி, "ஊர் ஜனங்களே, காது குடுங்க" என்பேன். அதற்கு மேல் நான் என்ன சொல்கிறேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தட்டும் சத்தத்திலேயே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். "காது குடுங்க" என்பதற்குள் மீதிப் பேரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

கரையில் கிடக்கும் பைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்தாக வேண்டும். அதில் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவர் முதலில் கிடக்கிற படகின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அது யாருடையது, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. ஆம்பளை பொம்பளை வித்தியாசமும் கிடையாது. தன் படகைத் தேடிக்கொண்டு ஓடுகிறவனை அப்புறம் ஒரு மாதம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

காற்று அடங்கியதும் நானே மறுபடி மைக்கைத் தட்டி, "காத்து அமந்துபோச்சு, அவங்கவங்க வீட்டுக்குப் போலாம்" என்பேன். போய்விடுவார்கள். ஆக, மைக்கில் எனக்குப் பேசத் தெரிந்தது இரண்டே பேச்சு. ஒன்று ஓடச் சொல்வது, இன்னொன்று வீட்டுக்குப் போகச் சொல்வது.

இந்த வேலையை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் என் குரல் வளம் அல்ல. ஊரிலேயே அதிகம் பயப்படுகிறவன் நான். வானத்தில் ஒரு துண்டு மேகம் கறுத்தால் அன்று முழுக்க வாசலை விட்டு நகர மாட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வறுமையால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எங்கள் நைனா ஃபீஸ் கட்டத் தயாராகத்தான் இருந்தார். வாத்தியார் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் தினமும் காலையில் வயிறு வலித்தது. வயிற்று வலி நின்றபோது பள்ளிக்கூடமும் நின்றிருந்தது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இவன் ஒருத்தனே பயப்படட்டும், நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் விழாவுக்குத் தொகுப்பாளராகப் போட்டார்கள்.

அவர்கள் நல்ல பிள்ளைகள். எங்கள் குப்பத்தில் ஒருநாள் பாட்டு, ஆட்டம், ஓவியம் எல்லாம் சேர்த்து விழா நடத்த வேண்டும் என்று வந்தார்கள். பாதி நிகழ்ச்சி அவர்களுடையது, பாதி ஊர்க்காரர்களுடையது. வெளியூர் நிகழ்ச்சிகளை அவர்களில் ஒரு பெண் அறிவிப்பாள். ஊர்க்காரர்கள் மேடை ஏறும்போது ஊர்க்குரல் ஒன்று கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்றார்கள். "மைக்ல பேசிப் பழக்கம் உள்ளவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்காமல் என்னைக் கை காட்டினார்கள். அந்தப் பாவிகளுக்கு நடக்கப்போவது அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. சொன்னால் எதிரில் இருப்பவர் வருத்தப்படுவாரோ என்று கவலை. ஒத்துக்கொண்டால் கெடுத்துவிடுவேனோ என்று கவலை. முதல் கவலை முன்னால் வந்ததால் தலையாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னேரியிலிருந்து வரும் ஸ்பீக்கர் பெட்டிகளைப் படகில் ஏற்றி பழவேற்காடு ஏரியைக் கடக்கும்போது கவிழ்ந்துவிட்டால்? ஜெனரேட்டர் ஒயரில் உப்புக்காற்று பட்டு ஷாக் அடித்தால்? பட்டணத்துப் பிள்ளைகளை எங்கள் நாய்கள் கடித்தால்? அவர்கள் நண்டு தின்று உடம்பு அரித்துக்கொண்டு எங்கள்மேல் கேஸ் போட்டால்? மேடைக்குக் குழி தோண்டியவனைப் போதும் போதும் என்று கதறும்வரை தோண்ட வைத்தேன். மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் நான்தான் மூக்கை நுழைத்தேன். கடல் ஜனங்களுக்கு எதிரில் இருந்தால் மேடையைப் பார்க்காமல் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் ஜனங்களின் முதுகு கடல் பக்கமும் மேடையின் முகம் கடல் பக்கமும் இருக்கட்டும் என்றேன். அந்தப் பிள்ளைகள் இதை மெச்சி, "நல்ல ஐடியா அண்ணா" என்றார்கள். என் வாழ்நாளில் நான் சொன்னதை ஐடியா என்று யாரும் சொன்னதில்லை. அன்று கொஞ்சம் சோறு இறங்கியது.

அந்த நிம்மதியையும் என் சம்சாரம் கெடுத்தாள். தானும் பாடப்போவதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் குரல் மார்க்கெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். பேரம் பேச வருகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். ஆனால் கூடையைக் கழுவும்போதும், படகில் ஏரியைக் கடந்து திரும்பும்போதும் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள். எங்கேயும் கேட்டிராத மெட்டு. அவளே கட்டியது. அதைத்தான் மேடையில் பாடப்போகிறாளாம்.

இதில் என் அக்கா வந்து சேர்ந்தாள். என் கூடப் பிறந்தவள், இரண்டு தெரு தள்ளி வீடு, என் சம்சாரத்துக்கு அண்ணி. விஷயம் கேள்விப்பட்டதும் தண்ணிக் குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "இவ பாடுனா வலைல கீற மீனு கூட வலைய அறுத்துக்கினு ஓடிடும். நான் மொத வரிலயே எந்திரிச்சு வந்துடுவேன்மா, என்னால ஆகாது."

என் சம்சாரம் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாதிக் குடத்தோடு அவள் திரும்பியதே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"ஊரு கேக்கணும்னு கூட எனக்கு இல்ல. அண்ணி உக்காந்து கேக்கணும். கடேசி வரி வரைக்கும் எந்திரிக்காம கேக்கணும். அவ்ளோதான்."

அன்றிலிருந்து என் கவலைகள் எல்லாம் ஒரே கவலையாகச் சேர்ந்துகொண்டன. அக்கா எழுந்துவிடக் கூடாது. அக்காவிடம் தனியாகப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "டேய், நீ இன்னா அவளுக்கு ஏஜெண்டா?" என்று துரத்திவிட்டாள். சம்சாரம் சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாடிப் பழகினாள். பாம்பு கீம்பு வந்துவிடுமோ என்று நான் பின்னாலேயே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். வார்த்தைகள் காதில் விழவில்லை, மெட்டு மட்டும் காற்றில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பாம்பே வந்திருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது.

விழாவுக்கு முதல்நாள் அவள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"யோவ், நல்லா கேட்டுக்கோ. என்னிய நீ கூப்பிட வேணாம். அந்தப் பொண்ணு கூப்பிடட்டும்."

"ஏன், நான் கூப்ட்டா இன்னா?"

"உன் தொண்டைக்கு நல்ல சேதி சொல்லிப் பழக்கம் கெடையாது."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் சரி என்று சத்தியம் செய்தேன். அந்தச் சென்னைப் பெண்ணிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அப்படியும் மனது கேட்கவில்லை. அவள் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால்? என்னைத்தான் கூப்பிடச் சொல்லிவிட்டால்? அதற்கும் தயாராக இருப்போம் என்று ரெண்டு வரி யோசித்து வைத்துக்கொண்டேன். "அடுத்ததாக நம் மண்ணின் குரல், மார்க்கெட்டின் ராணி." இதைக் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். மார்க்கெட்டின் ராணி என்ற இடத்தில் கையை எப்படி நீட்டுவது என்றுகூடப் பழகினேன்.

விழா அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஸ்பீக்கர் பெட்டி தண்ணீரில் விழவில்லை. நாய்கள் யாரையும் கடிக்கவில்லை, பட்டணத்துப் பிள்ளைகள் போட்ட பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மேடைக்கடியில் படுத்துவிட்டன. சின்னப் பிள்ளைகள் அட்டையில் மீன் முகமூடி செய்து மாட்டிக்கொண்டு திரிந்தன. படகுகளின் பக்கவாட்டில் ஓவியம் தீட்டியிருந்தார்கள். பொழுது சாயும்போது பறை அடித்தார்கள், யாரோ புல்லாங்குழல் வாசித்தார்கள். ஊரே பாய் போட்டு, சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் என் அக்கா. காலை மடக்கி, கையைக் கட்டி, எப்போது எழலாம் என்று காத்திருக்கிறவள்போல இருந்தாள். அவளுடைய இரண்டு பையன்களின் படகு கரையில் முதலாவதாகக் கிடந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. காற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கவலைப்பட ஒரு காரணமும் கிடைக்காமல் எனக்குக் கை கால் ஓடவில்லை.

அதுவரை நடந்ததெல்லாம் வெளியூர் நிகழ்ச்சிகள்; ஊர்க்காரர்களில் முதலாவதாகச் சம்சாரத்தின் முறை வந்தது. அவள் மேடைப் படியருகில் வந்து நின்றாள், மாம்பழக் கலர் சேலை. அந்தச் சென்னைப் பெண் மைக்கைப் பிடித்து, அடுத்துப் பாடப்போகிறவரை அறிமுகப்படுத்த அவருடைய கணவரையே அழைக்கிறோம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கூச்சத்தில் வேண்டாம் என்றதாக நினைத்து, எனக்கு அவள் ஏதோ சந்தோஷம் கொடுக்கிறாளாம். எல்லோரும் கை தட்டினார்கள். படியில் நின்ற என் சம்சாரம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கை தட்டுகிற ஊருக்கு முன்னால் முடியாது என்று சொல்வதற்கு வேறு ஜென்மம் எடுத்து வர வேண்டும்.

மைக் கைக்கு வந்தது. கண்ணாடி முன்னால் பழகிய ரெண்டு வரியும் போன இடம் தெரியவில்லை. என் விரலுக்கு மட்டும் அதன் வேலை தெரிந்திருந்தது. டொக், டொக், டொக்.

பின் வரிசையில் ரெண்டு பேர் எழுந்தார்கள்.

எதையாவது பேசி அவர்களை உட்கார வைக்க வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். மைக்கைத் தட்டினால் அந்த வாய்க்கு முதலில் வரும் பேச்சு ஒன்றுதானே. "ஊர் ஜனங்களே, காது குடுங்க."

அப்புறம் நடந்ததை எவ்வளவு மெதுவாக நினைத்துப் பார்த்தாலும் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. பாய்கள் பறந்தன. சுண்டல் மணலில் கொட்டியது. பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு பெண்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும் கடலைப் பார்த்து ஓடினார்கள். முதல் ஆளாக ஓடியது என் அக்கா. அந்த வயதிலும் என்ன ஓட்டம். நான் "இல்ல இல்ல, காத்து இல்ல, உக்காருங்க" என்று அலறினேன். நான் அலறியதைக் கேட்டு, ஏதோ கொஞ்சம் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து ஓடினார்கள். இவன் இப்படி அலறினால் இது சாதாரணக் காற்று இல்லை என்று நினைத்திருப்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகளில் சிலர் இதுவும் நிகழ்ச்சி என்று எண்ணி, போனில் படம் பிடித்துக்கொண்டே கூட ஓடினார்கள். ஒரு பையன் ஓடிப்போய்க் கயிற்றையும் பிடித்துவிட்டான்.

மேடையில் நான். படியில் என் சம்சாரம். எதிரில் வெறும் பாய்கள். அதற்கு அப்பால் ஊரின் முதுகு முழுவதும் தெரிந்தது. மேடையைக் கடல் பக்கம் திருப்பி வைத்த ஐடியா என்னுடையது என்பதால் எதுவும் மறைக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. வெறும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்கார்ந்திருந்த பாய். முதல் வரியிலேயே எழுந்துவிடுவேன் என்று சொன்னவள், முதல் வரிக்கு முன்னாலேயே போய்விட்டாள். அதுவும் என்னால்.

எப்படியாவது திருப்பிக் கூப்பிட வேண்டும். அங்கே படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டு எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைத் தட்டி, என் மனதறிந்து எந்தத் தப்பும் இல்லாமல், மிகப் பொறுமையாகச் சொன்னேன்.

"காத்து அமந்துபோச்சு. அவங்கவங்க வீட்டுக்குப் போலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. ஜனங்கள் கை கால் மணலைத் தட்டிவிட்டு, சாவகாசமாக அவரவர் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அக்கா நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

என் சம்சாரம் படியேறி வந்தாள். மைக்கை என் கையிலிருந்து பிடுங்கவில்லை, மீன்கூடையிலிருந்து நண்டை எடுக்கிற மாதிரி பக்குவமாக எடுத்தாள்.

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஆளு என்னியத்தான் கூப்ட்டாரு. நான் பாடறதுக்கு." மார்க்கெட்டின் அந்தக் கோடிக்குப் போகும் குரல். ஸ்பீக்கரில் அது ஏரியைத் தாண்டியிருக்கும். "அண்ணி, நீ வந்து உக்காரு. எந்திரிக்கறதா இருந்தா கேட்டுட்டு எந்திரி. கேக்காமயே எந்திரிச்சா கணக்குல வராது."

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ ஒருத்தர் முதலில் சிரித்தார், அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. இவர்கள் சிரிப்பது என்னைப் பார்த்து என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் பார்த்தது அக்காவை மட்டும்தான். அவள் இடுப்பில் கை வைத்து மேடையை முறைத்தாள். பிறகு, விட்டால் நஷ்டம் என்பதுபோல, நேராக நடந்து வந்து அதே பாயில், நனைந்த சேலையோடு உட்கார்ந்தாள்.

சம்சாரம் பாடினாள். குரல் கரகரப்புத்தான். பழவேற்காடு வெயிலில் கத்திக் கத்தித் தேய்ந்த குரல் அப்படித்தானே இருக்கும். ஆனால் அந்த மெட்டுக்கு அந்தக் கரகரப்பு பொருந்தியிருந்தது. கூடையோடு படகேறுவது, பேரம் பேசுகிறவர்களின் சாமர்த்தியம், ஒவ்வொரு மீனாக விலை சொல்வது என்று போனது பாட்டு. சவுக்குத் தோப்பில் எனக்குக் கேட்காமல் போன வார்த்தைகள் கடைசியில் வந்தன.

"கொடுவாவுக்கு ஒரு வெலை, கெழங்கானுக்கு ஒரு வெலை,
வானத்தையே பாக்குற ஆளுக்கு இன்னா வெலை?"

ஊர் மொத்தமும் திரும்பி மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு தடவை பாடினாள். மூன்றாம் தடவை அவர்களே பாடினார்கள். என் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், ஆனால் எழவில்லை. கடைசி வரி முடிந்து, கை தட்டல் எல்லாம் அடங்கின பிறகுதான் எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கி வந்த என் சம்சாரத்திடம் சொன்னாள்.

"உன் கொரலு அப்படியேதான் கீது. அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல." கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி, "அந்தக் கடேசி வரிய மட்டும் எனக்குச் சொல்லிக் குடு. இவன் எங்க வீட்டுக்கு வர்றப்ப பாடணும்."

அடுத்த நாள் விடியலில் மேட்டில் கிடந்த படகுகளை எல்லாம் மறுபடி தண்ணீருக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு படகு விடாமல் போய் நானும் தோள் கொடுத்தேன். படகுக்காரர்கள் தள்ளும்போது ஐலசா போடவில்லை, அந்த வரியைத்தான் பாடினார்கள். பாட்டுக்குச் சரியாகத்தான் படகும் நகர்ந்தது, அதை மறுக்க முடியாது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐப்பசியில் நிஜமாகவே காற்று திரும்பியது. போனிலும் செய்தி வந்தது. நான் கோயிலுக்கு ஓடி, மைக்கைத் தட்டி, "ஊர் ஜனங்களே, காது குடுங்க" என்றேன். யாரும் ஓடவில்லை. டீக்கடையிலிருந்து, "அண்ணே, இன்னிக்கும் உங்க வீட்டம்மா பாடுதா?" என்று ஒரு குரல். ரெண்டு பெண்கள் கையில் பாயோடு வந்து கோயில் வாசலில் நின்றார்கள். நான் கடலைக் கை காட்டிக் கத்தினேன். எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவர்கள் சிரித்தார்கள்.

என் சம்சாரம் மாவு ஒட்டிய கையோடு வந்து என்னை நகர்த்தினாள். "காத்து வருது. படக மேட்டுக்கு ஏத்துங்க." அவ்வளவுதான் சொன்னாள். ஊர் ஓடியது. முன்னால் அக்கா.

அதிலிருந்து சாவி என்னிடமும் மைக் அவளிடமும் இருக்கிறது. வானத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதும் என் வேலை. பார்த்துவிட்டுப் போய் அவளிடம் சொல்வேன். ஊருக்குச் சொல்லத் தேவையா என்று அவள் முடிவு செய்வாள். பெரும்பாலும், "ஒண்ணும் இல்ல, போய்ப் படு" என்பாள். படுக்கிறேன். ஆனால் பக்கத்தில் அவள் லேசாக இருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்தக் குரல் கட்டிக்கொண்டுவிட்டால் ஊரை யார் ஓட வைப்பது? சுக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டால், போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்கிறாள்.